அர்ஜுனன் அண்ணன் வீட்டில் சொல்லாத சொல்

சேதி வந்தபோது நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மீன்காரர் கெம்போங் மீனை நிறுத்துப் பையில் போட்டுக் கொடுத்த நேரத்தில் கைத்தொலைபேசி அடித்தது. அழைத்தது தினேஷ், அர்ஜுனன் அண்ணனின் ஒரே மகன். அவன் ஞாயிறு காலையில் என்னை அழைத்தால் அது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கும்: "சித்தப்பா, அப்பா கெளம்பிட்டாரு, ரெடியா இருங்க." அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்லா, ஒங்கப்பாவுக்கு அப்பிடி என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"அப்பா எழுந்திரிக்க மாட்றாரு சித்தப்பா" என்றான்.

மீன் பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுங்கை லாலாங்கில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆம்புலன்ஸில் வந்தவர்கள் முயன்று பார்த்து ஓய்ந்திருந்தார்கள். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு காலில் ஷூவின் கயிறு கட்டி முடித்திருந்தது. மற்ற ஷூ தரையில் கவிழ்ந்து கிடந்தது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, சட்டைப்பையில் விசில். அன்று யான் என்ற ஊரில் ஒரு பந்தாட்டம் இருந்தது. அவர் நடுவர். நான் வழக்கம்போலக் கோட்டோரம் கொடி பிடிப்பவன்.

"ஓடி ஓடி ஒடம்பக் கல்லு மாதிரி வச்சிருந்தாரே!" என்று வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். உண்மைதான், கல் மாதிரித்தான் இருந்தார். ஆனால் அந்த உடம்புக்குள் என்ன இருந்தது என்பது எனக்கும் தெரியும், அவர் மனைவி லெட்சுமி அண்ணிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை. கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்கவும் பயமாக இருக்கிறது. அவர் போன வழியிலேயே தினேஷும் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு நிற்கிறான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அர்ஜுனன் அண்ணன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெற்குக் கெடாவில் பந்து உதைத்த எவரிடமும் அந்த வேலையைச் சொன்னால் விழிப்பார்கள். 'ரெஃப்ரி அர்ஜுனன்' என்றால்தான் தெரியும். ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாகி, சனங்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு திடலில் அவருடைய விசில் கேட்கும். கோயில் குழு நடத்தும் போட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் இளைஞர் மன்றம் நடத்தும் போட்டியாக இருக்கும். கூப்பிட்டால் போய்விடுவார்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். நடுவர் பயிற்சியை முடித்துவிட்டு முதன்முதலாகக் கொடி பிடித்தது பாடாங் மேஹாவில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு திடலில். அன்றுதான் அவரைச் சந்தித்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது. போட்டவன் நிற்கக்கூடாத இடத்தில், ஆஃப்சைடில், நின்றதை என் கண்ணால் பார்த்தேன். கொடியைத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் எறிந்த கதை! கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் என்மேல் பாய்ந்து வந்தது. ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு அடிக்க வந்தார். ஓர் அம்மா என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினார். என் கை தானாக இறங்கத் தொடங்கியது. அதற்குள் அர்ஜுனன் அண்ணன் ஓடி வந்து எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுவிட்டார். அவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"பாத்தேன்னா அப்புறம் ஏன் கை எறங்குது? தூக்குன கொடிய எவனுக்கும் பயந்து இறக்காத. நான் கை காட்டுனா மட்டும் இறக்கு. புரியுதா?"

விசிலை ஊதினார். கோல் இல்லை. பந்தாட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோட்டோரம் நிற்பவன் தான் பார்த்ததைக் கொடி தூக்கிச் சொல்லலாம். முடிவு மட்டும் நடுவருடையது. நடுவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே காட்டிவிட்டால், நாம் பார்த்தது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கொடி இறங்கியாக வேண்டும். அந்தச் சட்டத்தோடுதான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

என்ன மனிதர் அவர்! கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டை கடைசி வரைக்கும் இடுப்பில் சரியாக நின்றது. சாலையோர ஒட்டுக்கடையில் எல்லாரும் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவர் பாலும் சீனியும் இல்லாத தே ஓ தேநீர் ஒன்றை வைத்துக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். குடி இல்லை, புகை இல்லை. குருணிலிருந்து ஜெராய் மலைக்கு ஏறும் தார்ச்சாலையில் எங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போவார். பாதி வழியில் நாங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் மேலே நின்றுகொண்டு, "என்னலா மணியம், இந்த வயசுலேயே ஒன்ன வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும் போல!" என்று கத்துவார். நடுவர்களுக்கான ஓட்டச் சோதனையில் தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்த திமிர் அது.

அவர் கண்களின் உள்ளோரத்தில், இமைக்கு மேலே, மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு இருந்தது. ஆட்டக்காரப் பையன்கள் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்வார்கள். "ரெஃப்ரிக்கே யெல்லோ கார்டா அண்ணே?" என்பார்கள். அவரும் விடமாட்டார். "ஆமாலா, பொறக்கும்போதே ஒன்னு வாங்கிட்டேன். இன்னொன்னு வாங்குனா வெளிய போயிருவேன்" என்பார். நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அவருக்கு அறுபது முடிந்தபோது, போட்டி நடத்துகிறவர்கள் மூத்த நடுவர்கள் உடல் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் திடலில் இறங்கலாம் என்றார்கள். "எனக்கா செக்கப்பு? வாலா, நீயும் வந்து பாரு, டாக்டர் என்னப் பாத்து மயங்கி விழப்போறாரு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போன நாளிலும் நான் கூடவே இருந்தேன்.

மருத்துவர் இளம் பெண், தமிழ்ப் பெண். அண்ணனின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் தமிழிலேயே பேச ஆரம்பித்தார். கொலெஸ்ட்ரோல் அதிகம் என்பதை மலாயில் "கொலெஸ்ட்ரோல் திங்கி" என்று சொல்லியிருந்தால் அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். நம் மொழியில் சொன்னால் நன்றாக மனத்தில் ஏறும் என்று அந்தப் பெண் நினைத்தார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணமே வினையாகிப் போனது.

"ஐயா, ஒங்க ரத்தத்துல கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்கு."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான் ஐயா."

அண்ணன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "எங்க இருக்குன்னு காட்டுங்கம்மா. ஒரு பிடி சதை இருந்தா புடிச்சுக் காட்டுங்க, நான் ஒத்துக்கிறேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வெளிய தெரியாது ஐயா. ரத்தக் கொழாயில படியிறது அது. நீங்க ஓடுறது ரொம்ப நல்லது, அத விட்றாதீங்க. ஆனா ஒங்களுக்கு ஓட்டம் மட்டும் பத்தாது, மருந்தும் வேணும்" என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து அவர் கண்களை உற்றுப் பார்த்தார். அந்த மஞ்சளும் கொழுப்புதான் என்று சொல்லி, அது எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார்.

"நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாரு."

"எப்பிடி ஐயா? நெஞ்சு வலியா?"

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையே பதிலாக எடுத்துக்கொண்ட மருத்துவர் மெல்லச் சொன்னார்: "அப்படின்னா இது ஒங்களுக்குப் பரம்பரையா வந்த கொழுப்பா இருக்கும் ஐயா."

அண்ணன் எழுந்துவிட்டார். திடலில் அவரை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டிக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் அவர் முகம் அப்படி மாறியதில்லை. "எங்க பரம்பரையப் பத்தி ஒங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார். மருத்துவர் திகைத்துப்போய், "நான் என்ன சார் தப்பா சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டார். பாவம், எனக்கும் தெரியவில்லை. மாத்திரைகளையும் பரிசோதனை செய்துகொண்டதற்கான சீட்டையும் நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். திடலில் இறங்க அந்தச் சீட்டே போதுமாக இருந்தது.

காரில் அவரை வீட்டுக்குக் கூட்டிவரும்போது, பீடோங் தாண்டிய பிறகு, சாலையோரம் நிறுத்தச் சொன்னார். இப்போது வீடுகள் எழும்பிவிட்ட ஒரு பக்கத்தைக் காட்டினார். அவர் பிறந்த தோட்டம் அங்கேதான் இருந்ததாம்.

"எங்கப்பாவுக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேல. ஒரு நாள் விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனாரு. நானும் பக்கத்துல நின்னேன். நெஞ்ச அடைக்குது, இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்கன்னு கணக்குப் பாக்குற கிராணிகிட்ட கேட்டாரு. கிராணி எல்லார் முன்னாலயும் சிரிச்சான். 'நெஞ்சு வலி இல்லடா ஒனக்கு, கொழுப்பு. ஒங்க பரம்பரைக்கே கொழுப்புடா'ன்னான். பெரட்டுல நின்னவங்களும் சிரிச்சாங்க. எங்கப்பா ஒன்னும் பேசல. வாளியத் தூக்கிக்கிட்டு மரத்துக்குப் போனாரு. அங்கயே விழுந்துட்டாரு."

அவர் குரல் உடையவில்லை.

"அன்னையிலேருந்து எங்க வீட்ல அந்தச் சொல்ல யாரும் வாயில எடுத்தது இல்ல தம்பி. ஆட்டுக்கறி வாங்கப் போனாக்கூட எங்கம்மா, 'அந்த வெள்ளைய எடுத்துருங்க'ன்னுதான் சொல்லும். நான் ஏன் இப்பிடி ஓடுறேன்னு நெனைக்கிற? எவனும் என்னப் பாத்து அந்த வார்த்தைய சொல்லக்கூடாதுன்னுதான். இன்னிக்கு ஒரு சின்னப் புள்ள சொல்லிருச்சு."

நான் மெதுவாக, "அண்ணே, அப்பாவுக்கு இருந்ததும் இதே நோயாத்தான் இருந்திருக்கும். அந்தப் பொண்ணு அததான் சொல்லிச்சு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தக் கிராணி சொன்னது சரின்னு சொல்றியா?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய் நெடுநேரம் யோசித்தேன். தமிழில் நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் அந்தச் சொல்லை! எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, கூலி கேட்டால் கொழுப்பு, படுத்துக்கிடந்தால் கொழுப்பு. அதே சொல்லை எடுத்து ஒரு நோய்க்கும் வைத்திருக்கிறோம். நோயை ஒத்துக்கொண்டால் தகப்பன் வாங்கிய திட்டையும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு மனிதர் நினைத்துவிட்டார். இது வெள்ளைக்காரனுக்கோ சீனனுக்கோ வராத குழப்பம்.

அண்ணி அழுது அடம்பிடித்ததால் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டார். கால் சதை வலிக்கிறது, மலை ஏற முடியவில்லை என்று நிறுத்திவிட்டார். அதைப் போய்க் கிளினிக்கில் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். போகவில்லை. மாறாக, பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேள்வி கேட்டார். "ஒரு வலியும் இல்லாதவனுக்கு எதுக்குலா மருந்து?" "ஆயுசுக்கும் சாப்பிடணும்னா அது மருந்தா, சோறா?" "நான் ஓடுறதுல பாதி ஓட முடியாதவங்க எனக்கு ஒடம்பப் பத்திச் சொல்றதா?"

கேள்வி கேட்டதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகள்தான், கடைசிக் கேள்வியைத் தவிர. நானே மருத்துவரிடம் வாய் மூடி நிற்கிற ஆளில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டாமா? பதில் தெரிந்த இடத்தை விட்டுவிட்டு, தெரியாதவர்களிடம் போய்க் கேட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவருக்கு, ஆமாம் மூன்றுதான் என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை?

யானில் ஓர் ஆட்டம் முடிந்து வயலோரத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் பச்சையாக நெல், பின்னால் ஜெராய். பேச்சு இதிலே வந்து நின்றது. "ஒல்லியா இருக்கறவங்களுக்கு அது வரவே வராதுண்ணே" என்றார் ஒருவர். "எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வேல. இவரப் பாருங்க, இவருக்கா நோயி?" என்று இன்னொருவர் அவர் தோளைத் தட்டினார். அண்ணன் முகத்தில் என்ன ஒரு நிம்மதி! நான் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஓடுறது வேற, இது வேற. ஒங்கப்பாவும் ஒல்லிதான். மலையும் காடும் ஏறி எறங்குன ஒடம்புதான். அவரு விழலயா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். திடலில் காட்டும் அதே சைகை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்தேன். நடுவர் கை காட்டினால் கொடி இறங்க வேண்டும், அதுதான் சட்டம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்திருக்கிறது. காற்றுப் பிடித்திருக்கிறது என்று அண்ணியைத் தைலம் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களுக்கு இது ஒரு சாபக்கேடு. தலை வலித்தாலும் காற்று, தோள் இழுத்தாலும் காற்று, நெஞ்சைப் பிசைந்தாலும் காற்று. ஒரு சின்னப் போத்தல் எண்ணெயில் எல்லாம் பறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச அவரை அழைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"அண்ணே, இப்பவே காடிய எடுத்துக்கிட்டு வர்றேன், ஆஸ்பத்திரி போவோம்."

"சும்மா இருலா. காத்துதான். இப்ப தேவல. நாளைக்கு ரெண்டு சுத்து ஓடுனா ஏப்பமா போயிரும்."

"அண்ணே, நான் சொல்றத..."

"மணியம்," என்றார், சிரித்துக்கொண்டே. "கொடிய இறக்கு."

என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆஸ்பத்திரியில் உடலைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னதைத் தினேஷ் என்னிடம் சொன்னான். இருதயக் குழாயில் அடைப்பு. பழைய அடைப்பு. பிள்ளைகள் இருந்தால் அவர்களும் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாராம். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். தூக்குவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் கழற்றிய ஷூவோடு, கவிழ்ந்து கிடந்த அந்த இன்னொரு ஷூவையும் கொண்டுவரச் சொன்னார். காலில் மாட்டிக் கயிற்றையும் கட்டிவிட்டார். "ஒத்தக் கால் செருப்போட அனுப்ப மாட்டேன்" என்றார். பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய ஆட்கள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததை வைத்தார்கள். பாவம், அவருக்குப் பிடித்தது என்று வைக்கவும் அதிகமில்லை. அவித்த காய், மீன் குழம்பு, சீனி போடாத தே ஓ. பக்கத்தில் விசிலும் இரண்டு கார்டுகளும் இருந்தன. சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு, தினேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குலிமில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. அப்பாவைப் போலவே ஒல்லி, அப்பாவைப் போலவே ஓட்டக்காரன். மடியில் அவனுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சு சித்தப்பா," என்றான். "எனக்கும் அதிகமாத்தான் இருக்காம். மருந்து குடுத்தாங்க. ஆனா எனக்கு டவுட்டா இருக்கு. நான் ஹாஃப் மாரத்தான் ஓடுறவன். போன வாரம்கூட ஓடுனேன், நெஞ்சுல ஒன்னுமே இல்ல. நெட்ல வேற, அந்த மருந்து சாப்பிட்டா கால் சத வலிக்கும்னு போட்டிருக்கு. கொஞ்சம் சாப்பாட்டக் கொறச்சுப் பாக்குறேன். அப்புறம் யோசிக்கலாம்."

அவன் முகத்தை நெருக்கத்தில் பார்த்தேன். கண்ணோரத்தில், இமைக்கு மேலே, லேசாக மஞ்சள் படரத் தொடங்கியிருந்தது.

"டேய், ஒங்கப்பா பேசுனதையே வரி மாறாம பேசுறடா. எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட போய்..."

அவன் கையை நீட்டினான். உள்ளங்கையைக் கவிழ்த்தான். மெல்லக் கீழே இறக்கினான். "விடுங்க சித்தப்பா."

அப்பாவின் அதே கை. அதே சைகை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணி பார்த்துவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றார். அண்ணி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"கொழுப்பு" என்றார்.

தினேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமாடா, கொழுப்பு. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து ஒரு நாள் இந்த வார்த்தைய சொன்னதில்ல. ஒங்கப்பாவுக்கு நோகும்னு கறிக்கடையில கூட வாயத் தொறக்கல. சொல்லாம இருந்து இருந்துதான் அவர அனுப்பிட்டேன். இப்ப சொல்றேன், கேட்டுக்க. ஒங்க தாத்தாவுக்குக் கொழுப்பு இருந்துச்சு. ஒங்கப்பாவுக்கு இருந்துச்சு. ஒனக்கும் இருக்கு. எவனோ ஒரு கிராணி அத வச்சுத் திட்டிப்புட்டான்னு, நாம ஏன்டா அதுக்குப் பயந்து பயந்து சாவணும்? அது திட்டு இல்லடா, நோவு. நோவுக்கு மருந்து இருக்கு."

"கால் வலிச்சா?" என்றான் தினேஷ், சின்னப் பிள்ளை மாதிரி.

"வலிச்சா போய்ச் சொல்லு. மாத்திக் குடுப்பாங்க. கேக்குறதக் கேளு. பதில் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காம உக்காந்திரு. ஒங்கப்பா மாதிரி பாதியில எழுந்து வந்துறாத." அதற்கு மேல் அண்ணியால் முடியவில்லை. படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதார்.

தினேஷ் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தான். நான் கிளம்பும்போது, "பாக்கலாம் சித்தப்பா" என்றான். இந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம் வந்துவிடுகிறது. அவன் அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மாத்திரையைத் தொட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அவனுக்குக் கிளினிக்கில் மறுபடி வரச்சொன்ன நாள் அடுத்த வாரம் வருகிறது.

அர்ஜுனன் அண்ணே, இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிராணி உங்கள் அப்பாவுக்குச் செய்தது அநியாயம். அதை நீங்கள் மறக்காமல் வைத்திருந்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அவன் சொன்னதைப் பொய்யாக்குவதற்காக உங்கள் உயிரைக் கொடுத்திருக்க வேண்டாம், அண்ணே. அந்தக் கிராணி அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

இரண்டு காலிலும் ஷூ மாட்டித்தான் அண்ணி உங்களை அனுப்பியிருக்கிறார். அங்கே ஏதாவது மலை இருந்தால் ஏறிக்கொண்டிருங்கள். மூச்சு வாங்காமல் பின்னால் வர இனி நானும் பழகிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் காலையில் உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு நிற்பேன். தினேஷ் வரமாட்டேன் என்பான். கையைக் கவிழ்த்துக் காட்டுவான். காட்டட்டும். அவன் நடுவர் இல்லை. தூக்கிய கொடியை நீங்கள் கை காட்டினால் மட்டும் இறக்கச் சொன்னீர்கள். கை காட்ட இனி நீங்கள் இல்லை, அண்ணே. நான் இறக்கப் போவதில்லை.